காந்தத்துக்கு நடுவே மீக்கடத்தி டேப்: 150 ஆம்பியர் ஏன் 45 ஆகிறது?

கேள்வி: காட்பாடியில் இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். 4 மில்லிமீட்டர் அகலமுள்ள உயர் வெப்பநிலை மீக்கடத்தி டேப் ஒரு சாண் அளவுக்குக் கிடைத்தது. கூட வந்த தாளில் 77 கெல்வினில் 150 ஆம்பியர் என்று போட்டிருந்தது. திரவ நைட்ரஜனில் மூழ்கடித்து அளந்தேன், 148 வந்தது. இரண்டு நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே, அரை டெஸ்லா புலத்தில் வைத்தால் 45-தான் வருகிறது. காந்தங்களைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் 85. டேப் பழுதா? அரை டெஸ்லாவுக்கே இப்படிச் சுருண்டுவிடும் டேப்பை வைத்து 20 டெஸ்லா காந்தம் செய்கிறார்கள் என்றால் எப்படி நம்புவது?

பதில்:

டேப் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. மூன்று எண்களுமே சரி. தாளில் போட்டதற்கு 148 வந்தது என்றால் உங்கள் கைவேலையும் சுத்தம். காந்தத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதே, அதுதான் இதில் பெரிய விஷயம். பல பேர் 45-ஐப் பார்த்ததும் டேப்பைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

முதலில் அந்த 150, அதாவது மின்தடையே இல்லாமல் டேப் சுமக்கக்கூடிய மின்னோட்டத்தின் எல்லை. ஷோரூமில் பைக்குக்குச் சொல்லும் மைலேஜ் மாதிரிதான் அதுவும். பின்னால் ஆள் இல்லை, மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை. அதே வண்டியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு காட்பாடி மேம்பாலம் ஏறினால் கணக்கு வேறு. டேப்பின் 150 என்பது திரவ நைட்ரஜனில், வெளியிலிருந்து எந்தக் காந்தமும் இல்லாமல் அளந்தது. அப்போதும் புலம் பூஜ்யம் இல்லை. 150 ஆம்பியர் ஓடினால் டேப் தன் மேற்பரப்பில் தானே சுமார் 0.02 டெஸ்லா புலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால்தான் இதைச் சுய புலத்தில் எடுத்த அளவு என்கிறார்கள். நீங்கள் வைத்த அரை டெஸ்லா அதைப்போல 20 மடங்குக்கு மேல்.

டேப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம், பின்னால் தேவைப்படும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ரெப்கோ வகையாக இருக்கும். (ரெப்கோ என்றதும் பேங்க் ஞாபகம் வருகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான். இது அருமண் தனிமம், பேரியம், தாமிரம், ஆக்ஸிஜன் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்.) அருமண் இடத்தில் இட்ரியம் இருந்தால் 1987-இல் வந்த அதே பழைய பொருள். 92, 93 கெல்வினிலேயே மீக்கடத்தியாகி, திரவ நைட்ரஜன் போதும் என்று உலகத்தையே துள்ளவைத்தது அது. அதற்கு முந்தின வருடம் ஜூரிச்சில் பெட்னோர்ஸும் மியூல்லரும் 35 கெல்வின் அளவில் வாசலைத் திறந்துவைத்திருந்தார்கள்.

டேப்பின் மொத்தத் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதில் பாதி, சுமார் 50 மைக்ரான், ஹாஸ்டெல்லாய் என்ற நிக்கல் கலப்புலோகத் தகடு. அதன்மேல் மெல்லிய ஆக்ஸைடு பூச்சுகள் சில. அவற்றின்மேல் ஒன்றோ இரண்டோ மைக்ரான் தடிமனில் மீக்கடத்திப் பீங்கான். அதற்குமேல் வெள்ளி, கடைசியில் சுற்றிலும் செம்பு. ஆரணிப் பட்டுச் சேலையின் சரிகையைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பட்டு நூல், அதைச் சுற்றித் தட்டையான வெள்ளிக் கம்பி, அதன்மேல் ஒரு நினைப்புக்குத் தங்கம். இழுவையைத் தாங்குவது நூல், விலை தங்கத்துக்கு. இங்கேயும் அதே கதை. பலம் ஹாஸ்டெல்லாயுடையது. வேலை செய்வது நூறில் ஒரு பங்கோ இரண்டோ உள்ள அந்தப் பீங்கான் படலம்.

அந்தப் படலம் ஒன்றரை மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 4 மில்லிமீட்டர் அகலத்தில் 150 ஆம்பியர் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 25,000 ஆம்பியர். வீட்டு எலக்ட்ரீஷியன் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 15 ஆம்பியருக்கு மேல் விடச் சம்மதிக்கமாட்டார். அது சதுர மில்லிமீட்டருக்கு 10.

சரி, காந்தம் பக்கத்தில் வந்தால் என்ன ஆகிறது? காந்தப்புலம் மீக்கடத்தியைக் கொன்றுவிடுகிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பாதரசம், ஈயம் போன்ற பழைய உலோகங்களுக்கு அது சரி. 0.1 டெஸ்லாவுக்குள்ளேயே அவற்றின் ஆட்டம் முடிந்துவிடும். 1911-இல் மீக்கடத்தலைக் கண்டுபிடித்த காமர்லிங் ஓனஸ், ஈயக் கம்பியைச் சுற்றிப் பெரிய காந்தம் செய்யலாம் என்று கனவு கண்டு ஏமாந்தது இதனால்தான். உங்கள் டேப் அந்த வகை இல்லை. இது இரண்டாம் வகை மீக்கடத்தி. புலத்தை முழுக்க வெளியே தள்ளாமல், மெல்லிய இழைகளாகப் பிரித்து உள்ளே விட்டுக்கொள்ளும். ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மின்னோட்டம் சுழல்கிறது, ஆகவே அதைச் சுழல் என்றே சொல்லலாம். 1957-இல் அப்ரிகோசோவ் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நோபல் பரிசு வர 2003 ஆயிற்று.

ஒவ்வொரு சுழலும் சுமக்கும் காந்தப் பாயம் இயற்கை நிர்ணயித்த ஒரே அளவு. அதனால் எண்ணிக்கையைக் கணக்கிடுவது சுலபம். 1 டெஸ்லாவில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 48 கோடி சுழல்கள். உங்கள் அரை டெஸ்லாவில் 24 கோடி. 20 டெஸ்லாவில் 960 கோடிக்கு மேல். ஒன்றுக்கொன்று இடைவெளி 1 டெஸ்லாவில் 49 நானோமீட்டர், 20 டெஸ்லாவில் 11.

இப்போது செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தையை மனதில் கொண்டுவாருங்கள். தரையில் முளை அடித்து மாடுகளைக் கட்டியிருக்கிறார்கள். முளைகள் பீங்கானுக்குள் இருக்கும் நுண்ணிய குறைபாடுகள், மாடுகள்தான் சுழல்கள். அவற்றுக்கு ஒன்றையொன்று பிடிக்காது, கிட்டே வந்தால் முட்டித் தள்ளும். டேப்பில் மின்னோட்டம் ஓட்டுவது என்பது இந்தக் கூட்டம் முழுவதையும் ஒரு பக்கமாக விரட்டுவது. காந்தப்புலத்தில் மின்னோட்டம் ஓடும்போது உண்டாகும் அதே விசைதான், மோட்டாரைச் சுற்றவைப்பது. முளை பிடித்துக்கொண்டிருக்கும்வரை மாடு நகராது. மாடு நகராதவரை மின்தடை பூஜ்யம். விரட்டும் விசை அதிகமாகி முளைகள் பிடுங்கிக்கொள்ளத் தொடங்கினால் சுழல்கள் நகரும். நகரும் சுழல் மின்னழுத்தம் உண்டாக்கும், சூடு வரும். உங்கள் வோல்ட்மீட்டரில் மைக்ரோவோல்ட் மெல்ல ஏறியதே, அது மந்தை நகர்ந்த தடம். சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோவோல்ட் வந்ததும் அதுதான் எல்லை மின்னோட்டம் என்று எழுதிக்கொள்வது வழக்கம்.

ஆக, 45 ஆம்பியரில் உங்கள் டேப் மீக்கடத்தும் நிலையை இழக்கவே இல்லை. அதை முற்றாக அழிக்கவேண்டுமானால், மிகக் குறைந்த வெப்பநிலையில் 100 டெஸ்லாவுக்கும் மேல் வேண்டும். உங்களுக்கு நேர்ந்தது வேறு. மாடுகள் பெருகிவிட்டன, முளைகள் அதே எண்ணிக்கையில் இருந்தன.

வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். −196 டிகிரி என்பது நமக்குக் கொடுங்குளிர். சித்திரை வெயிலில் வேலூர்க் கோட்டை மதில் ஓரமாக நடந்தவனுக்கு அதை யோசிக்கவே ஆனந்தம். டேப்புக்கோ அது உச்சி வெயில். 92-இல் சாகும் பொருளை 77-இல் வேலை வாங்குகிறோம், சாவுக்கு ஆறில் ஐந்து பங்கு தூரம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. அந்தச் சூட்டில் சுழல்கள் நிலைகொள்ளாமல் துடிக்கின்றன, முளையில் கட்டியிருந்தாலும் அவ்வப்போது தாவிவிடுகின்றன. புலம் ஏற ஏற ஒரு கட்டத்தில் கட்டு என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். மீக்கடத்தும் தன்மை இருக்கும், இழப்பில்லாத மின்னோட்டம் மட்டும் கிடைக்காது. 77 கெல்வினில் ரெப்கோவுக்கு அந்த எல்லை 7 முதல் 10 டெஸ்லாவுக்குள் வரும். இதற்கு முந்தின தலைமுறை பிஸ்மத் டேப்புகளுக்கு அதே வெப்பநிலையில் 1 டெஸ்லாவைத் தொடுவதற்குள்ளேயே வந்துவிடும். அவற்றை நைட்ரஜனில் வைத்துக் காந்தம் செய்யப் பார்த்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். குளிரவைத்தால் அவையும் உழைக்கும்.

இதே டேப்பை 4.2 கெல்வினுக்கு, அதாவது திரவ ஹீலியத்துக்கு, இறக்குங்கள். துடிப்பு அடங்கிவிடுகிறது. ஓர் ஆக்ஸிஜன் அணு இல்லாத காலியிடம்கூட அப்போது முளையாகிவிடும். சுய புலத்தில் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்கு ஏறும். 20 டெஸ்லாவைச் செங்குத்தாக வைத்தாலும் நல்ல டேப் தாளில் போட்ட 150-க்குக் குறையாமல் கொடுக்கும், தேர்ந்த டேப் 300-ஐயும் தொடும். உங்கள் சந்தேகத்தின் பாதிக்கு இதுதான் விடை. 20 டெஸ்லா காந்தம் செய்கிறவர்கள் யாரும் அதை நைட்ரஜனில் முக்கிவைப்பதில்லை. 4.2 கெல்வினிலோ 20 கெல்வினிலோ வைத்து ஓட்டுகிறார்கள். 'உயர் வெப்பநிலை' என்ற பெயரை நம்பி ஏமாறுவது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும். வலுவான புலத்தில் இந்த டேப்பை விரும்புவதற்குக் காரணம் அது சூட்டில் வேலை செய்கிறது என்பது இல்லை. குளிரில், வழக்கமான மீக்கடத்திக் கம்பிகள் கைவிட்ட புலத்திலும் வேலை செய்கிறது என்பதுதான்.

வழக்கமான கம்பிகள் என்றால்? வேலூரில் எம்.ஆர்.ஐ. எடுக்காத குடும்பம் குறைவு. அந்தக் குகைக்குள் இருப்பது நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள், திரவ ஹீலியத்தில். 1.5 அல்லது 3 டெஸ்லாவுக்கு அது தாராளம். 10 டெஸ்லா பக்கம் போனால் அது கையை விரித்துவிடும். அதற்குமேல் நியோபியம்-வெள்ளீயம். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, மூலக்கூறுகளின் அமைப்பை ஆராயும் என்.எம்.ஆர். கருவிகளில் 23.5 டெஸ்லாவரை வந்தார்கள், அங்கேயே நின்றுவிட்டார்கள். 28.2 டெஸ்லா என்.எம்.ஆர். காந்தம் வந்தது உள்சுருளில் உயர் வெப்பநிலை மீக்கடத்தியைச் சேர்த்த பிறகுதான்.

இப்போது உங்கள் 85-க்கு வருகிறேன். காந்தத்தைத் திருப்பியதும் மின்னோட்டம் ஏன் கிட்டத்தட்ட இரட்டிப்பானது?

இந்தப் பீங்கான் அடுக்கடுக்காக அமைந்த பொருள். தாமிரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த தளங்களில் மீக்கடத்தல் பலமாகவும், தளங்களுக்கு இடையில் பலவீனமாகவும் இருக்கும். டேப்பில் அந்தத் தளங்கள் எல்லாம் டேப்பின் அகலமான முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. புலம் அந்த முகத்துக்கு இணையாக வந்தால் சுழல்கள் அடுக்குகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கிருந்து ஓர் அடுக்கைத் தாண்டுவது அவற்றுக்குச் சிரமம், இயற்கையே அடித்துவைத்த முளை அது. புலம் செங்குத்தாக வந்தால் சுழல் எல்லா அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு நிற்கும், பக்கவாட்டில் சறுக்க வழி தாராளமாக இருக்கும். உங்கள் 45 செங்குத்து, 85 இணை. இடைப்பட்ட கோணங்களையும் 10 டிகிரிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். இணைத் திசைக்குக் கிட்டே மட்டும் கூரான மேடு ஒன்று எழுவதைப் பார்க்கலாம். அங்கிருந்து விலக விலக அது சரிந்துவிடும்.

இந்தப் பலவீனத்துக்கு மருந்து கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பொருளைச் சுத்தமாக்கவில்லை, அழுக்காக்கினார்கள். படலம் வளரும்போதே பேரியம் சிர்கனேட்டைக் கொஞ்சம் கலந்துவிட்டால், அது ஒட்டாமல் தனியாகப் பிரிந்து, செங்குத்தாக, 5 நானோமீட்டர் பருமனுள்ள குச்சிகளாகத் தானாகவே எழுந்து நிற்கும். சுழலின் மையமும் அதே அளவில்தான் இருக்கிறது. முளை அடிக்க ஆள் வேண்டாம், வயலே முளைகளை முளைக்கவைத்துக்கொள்கிறது. குச்சிகளுக்கு நடுவில் 15 நானோமீட்டர் இடைவெளி என்றால், 10 டெஸ்லா அளவில் சுழலுக்கு ஒரு முளை கணக்காகக் கிடைத்துவிடும். அதிகமாகக் கலந்தாலும் ஆபத்து, மின்னோட்டம் போக இடம் இல்லாமல் போகும். ஒரே நிறுவனத்தின் இரண்டு ரீல்கள் 77 கெல்வினில் ஒரே எண்ணைக் காட்டிவிட்டு, 4.2 கெல்வினில் 20 டெஸ்லாவில் வெவ்வேறாக நடந்துகொள்வதற்கு இந்தக் குச்சிகளின் அடர்த்தியும் ஒரு காரணம். தாளில் போட்ட 150-ஐ வைத்து வலுவான புலத்தில் என்ன நடக்கும் என்று ஊகிக்கமுடியாது என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதனால்தான்.

கோணம் காந்தச் சுருளுக்குள்ளும் விளையாடும். டேப்பைப் பழைய சினிமா ரீல் மாதிரி தட்டையாகச் சுற்றி, தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். நடுத் தட்டுகளில் புலம் மிக அதிகம், ஆனால் டேப்புக்கு இணையாக வருகிறது. மேல், கீழ் முனைகளில் புலம் குறைவு, ஆனால் அங்கே அது வெளிப்பக்கமாக வளைந்து டேப்பைச் செங்குத்தாகக் குத்துகிறது. அதனால் சுருளில் முதலில் திணறுவது நடு இல்லை, ஓரத் தட்டுகள். புதிதாக வடிவமைப்பவர்கள் நடுப்புலத்தை மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுவார்கள்.

இதுவரை சொன்னது மின்னோட்டக் கணக்கு. வலுவான புலத்தில் டேப்பைக் கெடுப்பது பெரும்பாலும் இது இல்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்லவந்தது. குளிரவைத்துவிட்டால் மின்னோட்டம் தாராளமாகக் கிடைக்கிறது, அந்தத் தாராளமே வினை. 20 டெஸ்லாவில் 300 ஆம்பியர் ஓடும் டேப்பின் ஒவ்வொரு மீட்டர் மீதும் 6,000 நியூட்டன் விசை விழுகிறது, அதாவது 600 கிலோ எடை. உங்கள் சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலமுள்ள, தாள் போன்ற ரிப்பனில், மீட்டருக்கு 600 கிலோ! 3 சென்டிமீட்டர் ஆரமுள்ள சிறு சுருளில் இது 450 மெகாபாஸ்கல் இழுவிசை. ஆரம் 10 சென்டிமீட்டர் ஆனால் 1,500, முட்டுக்கொடுக்காமல் எந்த டேப்பும் தாங்காது. அதனால் பெரிய காந்தங்களில் எஃகுத் தகடுகளையும் கூண்டுகளையும் கொண்டு அணைத்துப் பிடிக்கிறார்கள். டேப் 0.4, 0.5 சதவீதம் நீண்டாலே பீங்கான் படலத்தில் விரிசல் தொடங்கும். விரிசல் விழுந்த இடத்தில் மின்னோட்டம் திரும்ப வரவே வராது, சூடாக்கினாலும் குளிரவைத்தாலும்.

நீளவாக்கில் இழுத்தால் இந்த அளவுக்காவது தாங்கும். உரித்தால் தாங்காது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் யாராவது தெரிந்தால் கேட்டுப்பாருங்கள். ஒட்டிய ஷூ அடிப்பாகத்தை நேராக இழுத்தால் ஆள் தொங்கினாலும் வராது, முனையில் நகம் நுழைத்துப் பிரித்தால் சரசரவென்று வந்துவிடும். டேப்பின் அடுக்குகளும் அப்படித்தான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன் வேலை பார்த்த ஆய்வகத்தில், டேப்பில் வோல்டேஜ் கம்பி ஒன்றைச் சாலிடர் செய்திருந்தேன். இடம் கொஞ்சம் தள்ளிவிட்டது என்று அதைப் பிடித்து லேசாக மேலே தூக்கினேன். கம்பி வந்தது, சாலிடர் வந்தது, கூடவே செம்பும் வெள்ளியும் கறுப்பாக ஒரு படலமும் வந்தன. கீழே ஹாஸ்டெல்லாய் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த ஒரு துண்டுக்காக இரண்டு மாதம் காத்திருந்தோம் என்பதால் யாரும் ரசிக்கவில்லை. சுருளை எபாக்ஸி ஊற்றி இறுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. குளிரில் எபாக்ஸி செம்பைவிட அதிகம் சுருங்கி, அடுக்குகளைப் பிரித்து இழுக்கும்.

இன்னொரு வில்லன் உண்டு, திரை மின்னோட்டம். நாம் சுற்றுவது உருண்டையான கம்பி இல்லை, 4 மில்லிமீட்டர் அகல ரிப்பன். செங்குத்தாக வரும் புலத்தை எதிர்த்து, ரிப்பன் தனக்குள்ளேயே ஒரு மின்னோட்டத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஓர் ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்பும் இந்த ஓட்டம் மீக்கடத்தி என்பதால் அடங்குவதில்லை. சுழல்கள் ஒன்றிரண்டாக முளை தாவும்போது மட்டும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெல்லத் தேயும். இதனால் இரண்டு தொல்லைகள். காந்தத்தின் நடுப்புலம் நாம் போட்ட கணக்குக்குக் குறைவாக வரும், நிலையாகவும் நிற்காது. என்.எம்.ஆர். போன்ற நுட்பமான வேலைக்கு இது தலைவலி. இரண்டாவது தொல்லை இதைவிடக் கொடியது. ஓர் ஓரத்தில் கூடுதல் மின்னோட்டம், மறு ஓரத்தில் எதிர்த்திசை. ஆகவே ஓர் ஓரத்தைக் காந்தம் வெளியே இழுக்கும், மற்றதை உள்ளே தள்ளும். ரிப்பன் முறுக்கிக்கொள்ளும். சராசரி இழுவிசை பாதுகாப்பாக இருக்கும்போதே ஓரம் மட்டும் கிழியலாம்.

2019-இல் வெளியான ஒரு சோதனை இதற்கு நல்ல சாட்சி. அமெரிக்காவின் டல்லஹாசியில் உள்ள தேசிய உயர் காந்தப்புல ஆய்வகத்தில், 31.1 டெஸ்லா கொடுக்கும் சாதாரண மின்காந்தத்தின் நடுத்துளையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ரெப்கோ சுருளை இறக்கினார்கள். அது தன் பங்குக்கு 14.4 டெஸ்லா கொடுத்தது. மொத்தம் 45.5, நிலையான புலத்தில் அதுவரை யாரும் தொடாத அளவு. பிறகு சுருளைப் பிரித்துப் பார்த்தபோது டேப்பின் ஓரங்களில் சேதம் தெரிந்தது. திரை மின்னோட்டம் கொடுத்த கூடுதல் இழுவைதான் காரணம். அகலமான டேப்பை 4 மில்லிமீட்டராக வெட்டும்போதே வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்துவிடும், கிழிசல் அங்கிருந்து கிளம்பும். சேலையில் கரை இல்லாத பக்கம் நூல் பிரிவதுபோல. இதே ஆய்வகத்தில் 2017 டிசம்பரில் முழுக்க மீக்கடத்திகளாலேயே ஆன காந்தம் 32 டெஸ்லாவைத் தொட்டது. அதில் ரெப்கோவின் பங்கு 17.

கடைசியாகச் சூடு. எம்.ஆர்.ஐ. காந்தத்தில் ஓர் இடம் மீக்கடத்தலை இழந்தால், அது நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் பரவி, சக்தி சுருள் முழுக்கப் பங்கிடப்படும். ஹீலியம் ஆவியாகிக் குழாய் வழியே வெளியேறும், செலவோடு போகும். ரெப்கோவில் அந்தப் பரவல் நொடிக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர்தான். தாங்கும் சக்தி அதிகம் என்பதால் அது அவ்வளவு சோம்பேறி. பக்கத்து இடத்துக்குத் தகவல் போவதற்குள் இந்த இடம் பொசுங்கிவிடும். வோல்ட்மீட்டருக்கும் தாமதமாகத்தான் தெரியும். இதற்கு ஒரு தைரியமான வைத்தியம், சுற்றுகளுக்கு நடுவே காப்பே போடாமல் விடுவது. ஓரிடம் கெட்டால் மின்னோட்டம் பக்கத்துச் சுற்றுக்குத் தாவி அதைச் சுற்றிப் போய்விடும். அந்த 45.5 டெஸ்லாச் சுருள் அப்படிச் செய்ததுதான். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் அதன் கூட்டு நிறுவனமும் அணுக்கரு இணைவுக்காக 20 கெல்வினில் 20 டெஸ்லாவைத் தொட்ட பெரிய சுருளும் காப்பில்லாததுதான். அதற்குள் 267 கிலோமீட்டர் டேப். இங்கே வேலூர்ச் சத்துவாச்சாரியில் நீட்ட ஆரம்பித்தால் ஏறக்குறைய சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம். காப்பில்லாததற்கு விலையும் உண்டு. புலத்தை ஏற்ற நேரம் பிடிக்கும், ஏற்றும்போது சுற்றுகளுக்கு நடுவே கசிந்து சூடாகும்.

இனி உங்கள் சோதனை. மின்னோட்டத்தை 45-க்கு மேல் அவசரமாக ஏற்றாதீர்கள். மின்னழுத்தம் ஏறும் வேகம் பொல்லாதது. நல்ல டேப்பில் எல்லைக்கு மேல் 10 சதவீதம் போனால் பத்து மடங்கு, 20 சதவீதம் போனால் கிட்டத்தட்ட நூறு மடங்கு. புலத்தில் வைக்கும்போது இந்தச் செங்குத்தான ஏற்றம் கொஞ்சம் சாய்வதைக் கவனியுங்கள், அதையும் குறித்துவையுங்கள். சாலிடர் செய்யும்போது சூடு 200 டிகிரியைத் தாண்டி நீடிக்கவேண்டாம், படலத்திலிருந்து ஆக்ஸிஜன் வெளியேறிவிடும். வோல்டேஜ் கம்பிகளை, நான் செய்த மாதிரி இல்லாமல், முதல் தடவையே சரியான இடத்தில் வையுங்கள். நைட்ரஜன் தீர்ந்துபோனால், சினை ஊசி போடுவதற்காக மாட்டாஸ்பத்திரியில் வைத்திருக்கும் அலுமினிய கேனில் இருப்பதும் இதே திரவம்தான். ஆனால் அவர்களிடம் கேட்டு நிற்காதீர்கள், அது காளை விந்தைக் காப்பாற்ற இருப்பது. அவர்களுக்கு வினியோகம் செய்பவர் யார் என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த தடவை செய்யும்போது டேப்பைத் தெர்மாகோல் பெட்டிக்குள் அசையாமல் வைத்துவிட்டு, காந்தங்களை மட்டும் ஒரு சுழலும் பலகையில் ஏற்றித் திருப்புங்கள். இணைத் திசையைத் தாண்டும் இடத்தில் 10 டிகிரி போதாது, 1 டிகிரிக்கு ஒருமுறை எடுங்கள். மேடு சரியாக இணைத் திசையில் இல்லாமல் ஒன்றிரண்டு டிகிரி தள்ளி வந்தால் பயப்படவேண்டாம். படலத்தின் அடுக்குகள் டேப்பின் முகத்துக்குக் கொஞ்சம் சாய்வாக வளர்ந்த டேப் அது. வரைபடத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன்.